கழுவிய குப்பை

குத்தாயிசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
பத்து தெத்ரி.
சில்லறை இல்லாதவர்கள் படியேறுவார்கள்,
இல்லை, சில்லறை உள்ள யாராவது வரும்வரை
தபால் பெட்டிகளைப் பார்த்தபடி நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது,
பெட்டிகளுக்கு மேலே, சுவரில்
ஒரு முகம் வந்திருப்பது.

புருவம் இரண்டும் அறுந்த ஜிப்.
மூக்கு, கோப்பையின் உடைந்த காது.
தலை நிறைய
கேசட்டிலிருந்து உருவிய நாடா;
வாசல் கதவு திறக்கும்போதெல்லாம்
ஒரு பக்கமாகப் பறந்தது.
"ஜெமாலி!" என்றது ஒரு குழந்தை.
ஏழாம் மாடி ஜெமாலியேதான்.
பல்வரிசைக்கு டொமினோக் கட்டைகள்.
இரட்டை ஆறு மட்டும் இல்லை;
அது தொலைந்த அன்று அவர் போட்ட கூச்சல்
இன்னும் படிக்கட்டில் இருக்கிறது.

செய்தவர் ஓத்தியா.
லிஃப்ட் பெட்டியின் காசை எண்ணுவதும்
மாடிமாடியாகக் குப்பையை இறக்குவதும் அவர் வேலை.
ஏன் என்று கேட்டதற்கு
"கையில் வந்தது" என்றார்.
அதற்குமேல் அவரிடம் பேச்சுப் பெயராது.

அடுத்த வாரமே
எங்கள் குப்பை மாறிப்போனது.

வழக்கறிஞர் வீட்டுப் பையில்
பிரெஞ்சு வாசனைப் புட்டி, மூடியோடு.
நான்காம் மாடியில்
பழைய ஓபரா டிக்கெட்டுகளை
இஸ்திரி போட்டு எறிந்தார்கள்.
உருளைக்கிழங்குத் தோலை மட்டும்
இருட்டிய பிறகு
பக்கத்துக் கட்டடத் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள்.
நானும் யோக்கியமில்லை.
நன்றாக எழுதுகிற பேனா ஒன்றைக்
கழுவித் துடைத்து
தேயிலைச் சக்கையின்மேல் கண்ணில் படும்படி வைத்தேன்.
அது எந்த முகத்திலும் வரவில்லை.
ஓத்தியா அதில்
காசுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் மாடித் தையல்காரி லமாரா மட்டும்
குப்பையைக் குப்பையாகவே போட்டாள்.
பிளம் கொட்டை,
நூல் தீர்ந்த உருளை,
விரல்நுனி போன கையுறை,
மாத்திரை தீர்ந்த அட்டை.
பையின் வாயைக்கூடக் கட்டமாட்டாள்.

மார்ச்சில் அவள் முகம் வந்தது.
கன்னத்துக்குப் பிளம் கொட்டை.
கண்ணுக்குச் சட்டைப் பொத்தான்,
ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.
(நம்மோடு பேசும்போதும்
அவளுடைய ஒரு கண் தைத்துக்கொண்டேதான் இருக்கும்.)
கழுத்து முழுக்க மாத்திரை அட்டை,
மீன் செதில் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளி வெள்ளியாக.
லிஃப்டின் விளக்கு பட்டால்
கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல் இருந்தாள்.
அழகு, அழகு என்றோம்.
உண்மையிலேயே அழகு.
லமாரா பார்த்தாள்.
"மூக்கு பெரிசு" என்றாள்.
காசு போட்டு ஏறிப்போனாள்.

ஈஸ்டருக்கு அவள் மகன் கோச்சா வந்தான்,
போலந்தில் லாரி ஓட்டுகிறவன்.
இரண்டு பெட்டி, ஒரு பெரிய ரொட்டி.
சில்லறை இல்லை. நின்றான்.
சுவரில் அம்மாவைக் கண்டு சிரித்தான்.
செல்போனில் ஒரு படம் எடுத்தான்.
கிட்டே போனான்.
வெள்ளியின்மேல் பொடி எழுத்தில் இருந்த பெயரை
வாய்விட்டுப் படித்தான்.
மறுபடியும் படித்தான்.

ஒரு மாதமாக அங்கே நின்ற எங்களில்
ஒருவரும் அதைப் படித்ததில்லை.

நான் வந்தபோது
ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு
அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
நாற்பத்தொன்று. அட்டைக்குப் பத்து.
"எத்தனை மாசம் ஆகுது?" என்றான் என்னிடம்.
எனக்குக் கணக்கு வரும்.
சொல்லவில்லை.
காசைப் போட்டேன். கதவு திறந்தது.
அவன் ஏறவில்லை, நடந்தே போனான்.
பெட்டிகளை நான் ஏற்றிக்கொண்டு போனேன்.

காலையில் சுவரில்
கழுத்து இருந்த இடத்தில் பசைத் தடம்.
தலை மட்டும் தனியாக, பெரிய மூக்கோடு,
எங்கேயும் போகாமல் நின்றது.

ஐந்தாம் மாடி வாசலில் அன்றைய பை
முதல்முறையாக
வாய் இறுக்கிக் கட்டியிருந்தது,
தையல்காரி முடிச்சு.
உள்ளே ஏதோ சலசலத்தது.
ஓத்தியா அவிழ்க்கவில்லை.
இரண்டு கையாலும் தூக்கி
லிஃப்டைத் தாண்டி
படி வழியாகவே இறங்கினார்.