இரண்டாம் எண் டிராம்

பாராளுமன்றம் பார்க்கப் புறப்பட்டவன்
எதிர்த்திசையில் ஏறிவிட்டேன்.
தான்யூப் இடப்பக்கம் வரும் என்றிருந்தார் விடுதிக்காரர்.
வலப்பக்கம் வந்தது.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
பெயரைக் கைப்பேசியில் தட்டினேன்:
கசாப்புக்கூடம்.
இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் இருக்கின்றன
புடாபெஸ்டில்.

முன்னறையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு
பெட்டி பெட்டியாக நடந்து வந்தாள் ஓட்டுநர்.
மார்புப் பட்டையில் எனிக்கோ.
முத்திரை விழாத என் டிக்கெட்டைப் பார்த்து நின்றாள்.
"டூரிஸ்ட்" என்றேன்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

கொட்டாவி விட்டபடி
அவளே வாங்கி ஆரஞ்சுப் பெட்டியில் செருகினாள்.
டக்.

வாலாக இருந்த அறையைத் திறந்து உட்கார்ந்தாள்.
மணி அடித்தது.

நான் எழுந்திருக்கவே இல்லை.
முதுகுப்பக்கமாக நகர்ந்தது நகரம்,
இடப்பக்கம் ஆறு என்பது
இப்போது யாருடைய இடம்?