ஆவிக்குள் ஒரு சொல்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
கொதிக்கிறதா? ஆம். இல்லை.
ஸ்டெயின்வோர் அதைப் பார்த்துச் சிரித்தாள்.
பிறவியிலேயே காது கேளாதவள்.
சிரிப்பு மட்டும் சரிவு முழுக்கக் கேட்கும்,
அவளுக்குத் தெரியாது.

ஐஸ்லாந்தின் தெற்கே, கந்தகம் நாறும் மலையடியில்
நாற்பத்திரண்டு ஊற்றுகள் எங்கள் பொறுப்பு.
நான் வெப்பமானியை நீட்டுவேன்.
அவள் எண்ணைக் குறிப்பாள்.
குறித்துவிட்டு, பென்சிலைப் பல்லில் கவ்விக்கொண்டு
மீதியைக் கைகளால் சொல்வாள்.

மீதிதான் அதிகம்.

கூம்பிய ஐந்து விரலும் மெல்ல விரிந்தால்
அடியிலிருந்து குமிழி ஒன்று
சோம்பலாய் ஏறிவந்து உடைகிறது.
விரல்கள் அவசரப்பட்டால்
குபுகுபுவென்று வருகிறது.
முஷ்டி இறுகி மேல்நோக்கி முட்டினால்
வெளியே வர வழி தேடும் குமுறல்.
கவிழ்த்த உள்ளங்கை லேசாக நடுங்கினால்
விளிம்புவரை வந்து வழியத் தயங்கும் தளும்பல்.
சேற்றுக்குழிக்குக் கையே வேண்டாம்.
கன்னத்தை உப்பவைத்துப் பட்டென்று விடுவாள்,
கூழ் கொதிக்கிறது.

சுழிக்கு இரண்டு.
சுட்டுவிரல் கீழே பார்த்துச் சுற்றினால் இழுக்கிற சுழி,
மேலே பார்த்துச் சுற்றினால் தள்ளுகிற சுழி.
இரண்டும் ஒன்றுதானே என்று
தப்பும் தவறுமாய்க் கையசைத்தேன்.
என் தொப்பியைக் கழற்றி
ஒன்பதாம் ஊற்றில் போட்டாள். துப்பியது.
எடுத்துப் பன்னிரண்டில் போட்டாள்.
இரண்டு சுற்று, அவ்வளவுதான்.
கம்பளித் தொப்பி, போன கிறிஸ்துமஸுக்கு வந்தது.

ஓடுகிறது என்று நான் சொல்லும்போது
என் வாயில் எதுவும் ஓடுவதில்லை,
உன் கையில் ஓடுகிறதே என்று
ஒருநாள் பெரிதாக வியந்து எழுதிக் கொடுத்தேன்.
அவள் அடியில் கிறுக்கினாள்:
வாடகைக்கும் எங்களிடம் சொல் உண்டு,
அதில் எந்தக் காசும் ஓடுவதில்லை.

அக்டோபரில் ஓர் இரவு
நிலம் இரண்டு முறை புரண்டு படுத்தது.
விடிந்து போனால் பதினேழாம் ஊற்று வறண்டு கிடந்தது.
பதினெட்டைக் காணவில்லை,
அது இருந்த இடத்தில் ஆவி மதிலாய் நின்றது.
உள்ளே நுழைந்தேன்.
நாலடி தள்ளி வந்தவளின் கை தெரியவில்லை.
என் குரல் அவளுக்கு என்றைக்கும் எட்டாது.
எங்களிடம் இருந்த இரண்டு மொழியும்
ஒரே வெள்ளையில் முங்கிவிட்டன.
வெப்பமானியை நீட்டிக்கொண்டு
இன்னோர் அடி வைத்தேன்.

முதுகில், கோட்டின் மேல்,
ஒரு முஷ்டி முட்டியது.
மறுபடியும் முட்டியது.
பிறகு ஐந்து விரல்,
அவசரமாய், மிக அவசரமாய்.

நான் அதைப் படிக்கவில்லை.
கால்கள் படித்துப் பின்னால் போயின.
நின்றிருந்த தரை
காய்ந்த பாலின் ஆடைபோல் சுருங்கி
உள்ளே போனது.
பழுப்பாய் ஒன்று அங்கே கொப்பளித்து எழுந்து
எங்கள் பூட்ஸ் நுனிவரை வந்து நக்கியது.

எப்படித் தெரிந்தது?
காலணியின் அடியைத் தட்டிக் காட்டினாள்,
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
கைகள் நடுங்கின. அது தளும்பலா
வெறும் நடுக்கமா என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்துமூன்றாம் வரிசை சேர்த்தோம்.
கொதிக்கிறதா? ஆம்.
பெயர்?
முதுகில் எழுதியதையே காற்றில் எழுதினாள்.
பென்சிலால் ஆகாத காரியம்.
கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்,
அலுவலகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

பதினேழின் கரையில் முந்தின நாள்
பால் டப்பாவில் மாவடைத்துப்
புதைத்து வைத்திருந்தோம், மதியத்துக்கு ரொட்டி.
தோண்டி எடுத்தால்
ஒரு பக்கம் கருப்பாய், இனிப்பாய் வெந்திருந்தது,
மறுபக்கம் பச்சை மாவு.
நடு ராத்திரியில் சூடு இடம் மாறிய கோடு
ரொட்டிக்குள் தெளிவாய்த் தெரிந்தது.
வெண்ணெய் தடவி
அந்தக் கோடுவரை தின்றோம்.