பின்னால் வருபவர் தெரியும்வரை

தார் முடிகிற இடத்தில் பலகை ஏதுமில்லை.
சக்கரத்தின் சத்தம் மாறும், அவ்வளவுதான்:
மாவரைப்பது போலிருந்தது
மணலில் கடலை வறுப்பது போலாகும்.
அப்போது கைப்பிடியை இளக்கிப் பிடிக்கவேண்டும்.
இறுக்கினால் வண்டி முரண்டு பிடிக்கும்
என்று வில்னிஸ்தான் அடிக்கடி சொல்வான்.
வேறு எதிலும் அவன் அதைக் கடைப்பிடித்ததில்லை.

விவாகரத்தாகி நான்கு வருடம்.
வீடு எனக்கு, படகு அவனுக்கு.
நாய் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப்
பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.
லாட்வியாவின் வரைபடத்தை மட்டும்
பிரித்துக்கொள்ள மறந்துவிட்டோம்.
ஆகவே ஒவ்வொரு ஆகஸ்டிலும்
இரண்டு வண்டி, ஆறு நாள்.
பெருஞ்சாலையைத் தொடக்கூடாது.
மாலையில் பழையதைப் பேசக்கூடாது.
ஒவ்வொரு சந்திப்பிலும்
பின்னால் வருபவர் கண்ணாடியில் தெரியும்வரை
முன்னால் போகிறவர் நிற்கவேண்டும்.

இன்று நான் முன்னால்,
என் புழுதி அவனுக்கு.
நாளை அவன் புழுதி எனக்கு.
இவ்வளவு நேர்மையான பங்கீட்டை
எந்த வக்கீலும் எங்களுக்கு எழுதித் தரவில்லை.

கம்பு வயலல்ல, ரை. அறுத்தாகிவிட்டது.
வைக்கோலை உருட்டி வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி
யாரோ மறந்துவிட்ட பற்களைப் போல
வயலெங்கும் போட்டிருக்கிறார்கள்.
மின்கம்பத்தின் உச்சியில் நாரைக் கூடு.
காலி.
நேற்றோ முந்தாநாளோ தெற்கே கிளம்பியிருக்கும்.
வேலியோரம் ஒரு வாளி மஞ்சள் காளான்,
பக்கத்தில் காசு போட ஒரு தகர டப்பா,
விற்கிறவர் எவருமில்லை.
மூன்று யூரோ போட்டேன்.
சில்லறை எடுக்கத் துணிவில்லை.

மழை பிடித்துக்கொண்டபோது
வாரம் இருமுறை மட்டும் பேருந்து வரும்
ஒரு நிழற்குடையில் ஒதுங்கினோம்.
ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண் ஏற்கெனவே அங்கே.
பெயர் ஸ்கைட்ரிடே என்றாள், கேட்காமலே.
வெள்ளரிக்காயை நெடுக்கப் பிளந்து
தேன் ஊற்றி ஆளுக்கொன்று கொடுத்தாள்.
"புருஷன் பெண்டாட்டியா?"
"இல்லை" என்றேன்.
அதே நொடியில் அவன் "ஆமாம்" என்றான்.
அவள் இரண்டுக்கும் சேர்த்து ஒருமுறை தலையாட்டிவிட்டு
"இன்னும் பத்து நிமிடத்தில் விட்டுவிடும்" என்றாள்.
மழையைத்தான் சொல்லியிருப்பாள்.

அடுத்த சந்திப்பில் நின்றேன்.
கண்ணாடியில் பிர்ச் மரங்கள்,
ஈரச் சாலை,
ஒற்றை விளக்கு இல்லை.
இரண்டு நிமிடம்.
எஞ்சினை அணைத்தேன்.
சைலன்சர் டிக் டிக்கென்று ஆறும் சத்தம்,
தூரத்தில் எங்கோ ஒரு ரம்பம்.
ஐந்து நிமிடம்.
பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது
அவன் வர நேரமானால்
எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.
இப்போது அது வரக் காணோம்.
அதன் இடத்தில் வந்ததைக் கவனிக்க நேரமில்லாமல்
வண்டியைத் திருப்பினேன்.

ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால்
வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான்.
மடியில் ஹெல்மெட்.
இடது கண் வீங்கிப் பணியாரமாகியிருக்கிறது.
தாடியில் தேனை அப்படியே விட்டிருக்கிறான், மடையன்.
தேனீ வாசனை பிடித்துக்கொண்டு
ஹெல்மெட்டுக்குள்ளேயே போய்விட்டது.
"அது செத்துப்போச்சு" என்றான்,
ஏதோ தன் தப்பு போல.

சிரித்தேன்.
வாய்க்கால் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து
அவன் கண்ணில் வைத்து அழுத்தினேன்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.
அவன் வலிக்கிறதென்று சொல்லவில்லை.
நான் கையை எடுக்கவில்லை.
ஒரு டிராக்டர் கடந்து போனது.
ஓட்டுநர் இரண்டு விரல் உயர்த்தினான்,
நாங்களும்.

ஒற்றைக் கண்ணோடு வழிகாட்ட முடியாதென்பதால்
மறுநாளும் நானே முன்னால்.
கணக்குப்படி அவனுக்கு
ஒரு நாள் புழுதி நான் பாக்கி.
அடுத்த ஆகஸ்டில் கொடுத்துத் தீர்க்கவேண்டும்.
காளானை வெண்ணெயில் வதக்கினோம்.
உப்பு கொண்டுவர மறந்திருந்தான்.
பழையதைப் பேசக்கூடாது என்பதால்
ஒன்றும் சொல்லவில்லை.