ஐந்தாவது நிரல்

ஞாயிறு மூன்றரை மணி. திமிலைதீவு.
ஓடுபாதை வேலிக்கு இப்பால்
மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு
நாங்கள் மூன்று பேர்.
கண்ணா மரத்தில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்கிறது.
அதை எழுதுவதில்லை.
எஞ்சின் உள்ளவை மட்டும்.

கொப்பியில் ஐந்து நிரல் கீறியது நான்:
நேரம், திசை, வகை, வால் இலக்கம்,
கடைசியில் குறிப்பு.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பகல் முழுக்க
பிறர் இரத்தத்தை எண்ணுகிறவளுக்குக்
கோடு கீறாமல் எதையும் பார்க்கத் தெரியாது.

அஸ்வர் ஏறாவூர். படகு எஞ்சின் திருத்துகிறவன்.
காற்றுப்போத்தல் கட்டிக்கொண்டு இறங்கி
அந்தக் கப்பலைக் கையால் தொட்டவன்.
"விமானம் சுமக்கிற கப்பல் கா.
யப்பான்காரன் வந்த அண்டைக்குப் பார்த்து
மேல்தட்டில ஒண்டும் இல்ல.
எல்லாத்தையும் கரையில விட்டுட்டு வந்திருக்கு.
இப்ப கலவாய்தான் வந்து இறங்குது."
ஒவ்வொரு ஞாயிறும் சொல்வான்.
நாங்களும் விட்டுவிடாமல் கேட்போம்.

விஜேதுங்க உகணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்.
விமானப்படையில் இருபத்திரண்டு வருடம் ஸ்பானர் பிடித்தவர்.
ஒருநாளும் பறக்கவில்லை என்பதை
யாரும் கேட்காமலே முதல்நாள் சொன்னார்.
பிஸ்கட் தகரத்துக்குள் படங்கள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால்
இலக்கம், திகதி, மாற்றிய உதிரிப்பாகம்.

எனக்கும் வகை தெரியும்.
எட்டு வயதில், படுவான்கரையில்,
தென்னங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் படித்தது.
ஹெலி முதலில் வயிற்றில் கேட்கும், பிறகுதான் காதில்.
சகடைக்கு அவசரமே கிடையாது.
சியாமாசெட்டி, போத்தலுக்குள் அடைபட்ட குளவி.
அந்தப் பெயரைக் கேட்டு
செட்டியார் வீட்டுப் பெண் யாரோ கோபித்துக்கொண்டு
வானத்தில் ஏறிவிட்டாள் என்று நம்பியிருந்தேன்.
சைக்கிளை உள்ளே எடுக்கப் போன அண்ணன்
அப்படி இல்லை, அது இத்தாலி என்று
எனக்குச் சொல்லித்தர வரவில்லை.

சொன்னவர் விஜேதுங்க.
"இத்தாலி, மிஸ். படிக்கிற பிளேன்.
புதுப் பொடியனுக்கு பறக்கப் பழக்கிறது.
சரியான மெதுமை.
பொறவு நாங்க றொக்கட் பூட்டினது."
படத்தைச் சட்டை விளிம்பால் துடைத்து நீட்டினார்.
முதுகில்: தொண்ணூறு, ஆவணி. இடது சக்கரம்.
"இங்கே எத்தனை நின்றது?"
"மூணு."
மூன்றில் ஒன்று என்று என் தலை கணக்கிட்டது.
நான் கேட்டுக்கொள்ளவில்லை, அதுவாகவே.

அப்போதுதான் அது வந்தது.
வாவியைத் தேய்த்துக்கொண்டு, கண்ணாக்களின் தலை முட்ட,
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஹெலி.
எனக்கு வயிற்றில் கேட்டது.

அடுத்து எனக்குத் தெரிந்தது:
என் முழங்கால் மணலில்.
என் வலதுகை விஜேதுங்கவின் கழுத்துப்பட்டியில்.
அவர் முகம் நிலத்தில்.
தகரம் கவிழ்ந்து
படங்கள் சேற்றுப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.
எழுபது வயது மனிதரை
இழுத்து விழுத்தியிருக்கிறேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
உதட்டில் ஒட்டிய மணலைத் துப்பினார்.
கிடந்தபடியே, ஒரு கண்ணை மட்டும் திறந்து,
வால் இலக்கத்தை
ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.
தமிழில். பிசகில்லாமல்.

அஸ்வர் எழுதினான்.
நேரம் நாலு பன்னிரண்டு. வடக்கு. பெல்.
ஐந்தாவது நிரலில் பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு:
மிகத் தாழ்வு. இருவர் விழுந்தனர்.

"மூண்டு பேர் எண்டு போடு," என்றேன்.
அவன் சுற்றிப் பார்த்தான். திருத்தவில்லை.

படங்களை நாங்கள் பொறுக்கினோம்.
இடது சக்கரம் மாற்றியது மட்டும்
நீருக்குள் நழுவி, குப்புற மிதந்தது.
பென்சில் எழுத்து அழியாதாம், விஜேதுங்க சொன்னார்.
உகணைக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
முழங்கால் வரை இறங்கினேன்.