ஹோல்டனுக்குள் ஒரு ஃபோர்ட்

நாலாயிரத்து இருநூறு டொலர்.
அதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று
மின்சாரப் பில்லின் முதுகில் எழுதி
கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

டண்டினோங்கில், ரயில் பாதைக்குப் பின்னால்,
வாடகை வீட்டுக் கராஜில்
எழுபத்துமூன்றாம் ஆண்டுக் கிங்ஸ்வுட்
வாயைப் பிளந்தபடி நிற்கிறது.
நிறம் கடுகு. விற்றவன் தங்கம் என்றான்.

சொந்த எஞ்சினில்
மூன்றாம் நாலாம் சிலிண்டருக்கு நடுவே
மயிரிழை வெடிப்பு.
லேத் பட்டறை ஸ்டாவ்ரோ விளக்குப் பிடித்துக் காட்டினார்.
தைக்கலாம், துளையைப் பெருப்பிக்கலாம், புது பிஸ்டன் போடலாம்,
மூவாயிரத்து எண்ணூறு.
முடிவில் கிடைப்பது
மேட்டில் மூச்சு வாங்கும் அதே பழைய ஆள்.

தங்கச்சி புருசன் நிமலேந்திரன் பேர்த்திலிருந்து:
"போட்டால் வி-எட்டு போடுங்கோ,
இல்லாட்டி அதற்குள் பூக்கன்று நடுங்கோ."
விசாரித்தேன்.
எஞ்சின் மட்டும் ஐயாயிரத்து ஐந்நூறு.
அதைத் தாங்க ஒரு கியர்பாக்ஸ், அதைத் தாங்க ஒரு அச்சு,
எல்லாவற்றையும் நிறுத்த பிரேக்.
ஆனைக்கே காசில்லை,
அங்குசத்துக்கு எங்கே போக?

கொமடோரின் வி-ஆறு, அறுநூறு.
குறை சொல்ல முடியாத எஞ்சின்.
ஆனால் சும்மா நிற்கையிலேயே
தகர டப்பாவில் பாக்கு உருட்டுகிற சத்தம்.
சத்தத்தோடும்தானே குடித்தனம் நடத்த வேண்டும்.

பழைய கார் உடைக்கும் யார்டில்,
மூன்றாம் வரிசை, மழைச் சேற்றில்,
மஞ்சள் ஃபால்கன் டாக்சி.
கதவில் யாரோ கம்பனியின் பெயரைச் சுரண்டியிருந்தார்கள்.

ஒன்பது வருசம், இரவு ஓட்டம்.
ஏர்போட், ஆஸ்பத்திரி, கிளப் வாசல்.
பின் சீட்டில் சத்தி எடுத்தவர்கள்,
பின் சீட்டில் அழுதவர்கள்,
பெண் ஓட்டுகிறாளா என்று இறங்கிப் போன ஒருவர்.
இதே ஆறு சிலிண்டரில்தான்
என் வீட்டு அடுப்பு எரிந்தது.

இது என் டாக்சி இல்லை.
நம்பரைப் பார்த்தேன், கொஞ்சம் ஆசையோடுதான்.

ஏழு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர்.
பற்றரிக்கு வயர் கொடுத்துத் திருப்பினேன்.
இருமவில்லை.
நேற்றுத்தான் ஷிப்ட் முடித்தவள்போல எழுந்தது.
அழுத்தம் பார்த்தேன், ஐந்து சிலிண்டரும் ஒரே சொல்,
ஆறாவது மட்டும் சற்று இளைப்பு.
பரவாயில்லை, எனக்கும் வலது முழங்கால் அப்படித்தான்.

கியர்பாக்ஸ், வயர்க் கட்டு, கணினி, காஸ் டாங்கி,
எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது.
சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்கினேன்.
அந்தக் கணினி வேறு சாவிக்கு முகம் கொடுக்காது.
டாங்கி பூட்டை விழுங்கும், தெரியும்.
காஸ் விற்கும் ஸ்டேஷன்கள்
ஒவ்வொன்றாய் மூடுகின்றன, அதுவும் தெரியும்.

பக்கத்து வீட்டு டேரன்
வேலிக்கு அந்தப் புறம் நின்று
சம்பந்தம் முறிந்த வீட்டார்போல் பார்க்கிறார்.
ஹோல்டனுக்குள் ஃபோர்டா?
அவருடைய அப்பா இருந்திருந்தால்
தெருவையே மாற்றியிருப்பாராம்.
"காஸுக்குக் கோத்திரம் கிடையாது" என்று தமிழில் சொன்னேன்.
ஆங்கிலத்தில், "மலிவு" என்று மட்டும்.
அதற்கு அவர் தலையாட்டினார்.
மறுநாள் எஞ்சின் தூக்கும் கிரேனைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
முகத்தைத் திருப்பியபடியே.

முன் டிஸ்க் பிரேக் எழுநூறு.
எஞ்சினியர் சான்றிதழ் ஆயிரத்து நூற்றைம்பது.
புதுத் தாங்கிகள், சம்ப் வெட்டி ஒட்டியது,
ரேடியேட்டர், வெல்டிங் கூலி.
மின்சாரப் பில்லில் இப்போது
எழுத இடம் இல்லை. மிச்சம் முந்நூற்றுப் பத்து.

உயரம்தான் கவலை.
இந்த எஞ்சின் நெட்டை. கிங்ஸ்வுட்டின் பானட் தாழ்வு.
ராத்திரி ரொட்டிக்குக் குழைத்த மாவில்
எட்டு உருண்டை எடுத்து
எஞ்சின் தலையில் வரிசையாய் வைத்து
பானட்டை மெல்ல இறக்கி, அழுத்தி, திறந்தேன்.

ஏழு உருண்டைகள் வடைபோல் தட்டையாகி இருந்தன.
முன்னால், எண்ணெய் மூடிக்குப் பக்கத்தில்,
எட்டாவது, அப்பளம்.
அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.
மூன்று மில்லிமீட்டர்.

டேரன் டோர்ச்சைக் கிட்டக் கொண்டுவந்தார்.
"பானட்டை வெட்டலாம்" என்றார்.
மாவைச் சுரண்டி எடுத்துக்கொண்டே
தாங்கியின் போல்ட்டுகளைப் பார்த்தேன்.
இன்னும் ஒரு வாஷர் கழற்ற இடம் இருந்தது.