பக்கம் அறுபத்தொன்று

எண்பத்து நாலு பக்கம் எழுதினேன்.
கட்டங்கள், அம்புக்குறிகள்,
அம்புக்குறிகளுக்குப் பொருள் சொல்ல ஓர் அட்டவணை.
வடபழஞ்சி அலுவலக ஏசியில்
அது அழகாகத்தான் இருந்தது.

எந்தத் தண்ணீர் லாரி எந்த வார்டுக்கு,
எத்தனை நடை
என்று சொல்வது எங்கள் மென்பொருள்.
அதை ஏன் இப்படிக் கட்டினோம் என்று சொல்வது
என் ஆவணம்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை
சர்வர் விழுந்தது.
அவனியாபுரத்தில் ஒரே தெருவுக்கு மூன்று லாரி.
செல்லூரில் குடங்கள் சாலையை மறித்தன.
ஆவணத்தில் இல்லையா என்றார் மேலாளர்.
இருக்கிறது சார், பக்கம் அறுபத்தொன்று என்றேன்.
அப்படிச் சொன்ன வாயை
இன்னும் நான் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை அச்சடித்த கட்டைத் தூக்கிக்கொண்டு
அரசரடிக்குப் போனேன்.

கணக்குப் பிரிவில் பிரபாவதி
'வரிசை' என்றிருந்த கட்டத்தில் விரல் வைத்து
"இது குழாயடி வரிசையா மேடம்?" என்றார்.
செய்திகள் காத்திருக்கும் இடம் என்றேன்.
"எவ்வளவு நேரம் காத்திருக்கும்?
நடைக்காசு அன்னைக்கே ஏறணும்.
மறுநாள் ஏறுனா தணிக்கையில என் தலைதான் உருளும்."
நான் எழுதியிருந்தது
அதன் பெயரும் பதிப்பு எண்ணும்.

இரவு ஷிஃப்ட் ஆசிக்குக்குக் கொட்டாவி.
"எதை முதல்ல எழுப்பணும், எதை அப்புறம்? அது போதும்.
விடிய மூணு மணிக்கு இந்த அம்புக்குறியெல்லாம்
எறும்பு மாதிரி ஊருது."

லாரி நிழலில் ஒச்சப்பன்
கட்டை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தார்.
பிரிக்கவில்லை.
"இருக்கட்டும்.
போன்ல ஆர்டர் வரல. டேங்க் நெறஞ்சு நிக்குது.
தண்ணிய விடவா, வேணாமா?"

புரட்டினேன்.
அறுபத்தொன்று. எழுபது. பின்னிணைப்பு.
எழுத மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை.
எங்களில் எவரும் அதை முடிவே செய்திருக்கவில்லை.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
நான் ஒரு நேர்கோடு இழுத்து மூடிய இடத்தில்
ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் சண்டை.
பொறியாளர் விடாதே என்றார்,
கணக்குப் பிரிவு ரசீது எங்கே என்றது.
கடைசியில் ஒரு வரி:
சிக்னல் இல்லையென்றால் நேற்றைய வரிசைப்படி போ,
சீட்டில் குறி, சிக்னல் வந்ததும் ஏற்று.
அந்த வரிக்காக
நாலு கட்டங்கள் இடம் மாறின,
ஒன்று காணாமலே போனது.

அதை லேமினேட் செய்து கொடுத்தேன்.
எலுமிச்சம்பழத்துக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில்
கண்ணாடியோரம் செருகியிருக்கிறார் ஒச்சப்பன்.
ஆசிக்கிடம் ஒரே தாள், டீ வட்டத்தோடு.
பிரபாவதி தன் இரண்டு பக்கத்திலும்
சிவப்புப் பேனாவால் ஏழு திருத்தம் போட்டு அனுப்பினார்.
ஏழும் சரி.

புதிதாய்ச் சேர்பவர்களுக்கென்று
பெரிய கட்டு இன்னும் இருக்கிறது, பாதியாய் இளைத்து.
அதில் ஒரு தலைப்பு:
இந்தத் தரவுத்தளத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம்?
தேர்ந்தெடுத்தவர் ஓசூருக்கு மாறிவிட்டார்,
போனை எடுப்பதில்லை.
கீழே 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

அழித்துவிடுங்கள், அசிங்கமாக இருக்கிறது
என்கிறார் மேலாளர்.
நான் பக்கத்தில்
தேதி போட்டிருக்கிறேன்.