சுலைக்காவின் மேலாடை

பெண்டிகோவில், மூடிப்போன ஒரு செருப்புக்கடையின்
பின்சுவரில் வயர் இழுக்கப் பலகையைப் பெயர்த்தபோது
முதலில் ஒரு கால் தெரிந்தது.
சிவந்த பாதம், தங்கக் கொலுசு,
கொலுசைச் சுற்றி ஒரு வால்.

"பாம்பு" என்றேன்.
நான்கர்விஸ் ஏணியிலிருந்து குதித்தே விட்டார்.
இந்த ஊரில் பாம்பு என்றால் பாம்புதான்,
உவமை கிடையாது.

ஆறு பலகை. ஒவ்வொன்றாய்.
இடுப்பை ஒரு சோப்பு விளம்பரம் மறைத்திருந்தது,
அதற்கு மேலே அவள்:
பாம்புகளின் இளவரசி சுலைக்கா,
இலங்கைக் கானகத்திலிருந்து நேரே,
ஆறு பென்னி, பிள்ளைகளுக்குப் பாதி,
இதயம் பலவீனமானவர்கள் சொந்தப் பொறுப்பில்.

நானும் அங்கேயிருந்துதான்.
நேரே அல்ல; வழியில் மூன்று நாடு, ஒரு முகாம்.
கானகம் என்று எதையும் கண்டதில்லை,
சாவகச்சேரிச் சந்தையும் பஸ் நிலையமும்தான்.

நூலகத்திலிருந்து ஹெஸ்டர் வந்தார்,
கையுறை, ஒரு பெட்டி நிறைய நகல்கள்.
அவள் பெயர் ஃபுளோரி டிரெம்பாத்.
ஈகிள்ஹாக் சுரங்கத் தொழிலாளி மகள்.
முகத்துக்கு வால்நட் சாறு.
பாம்புகள் குவீன்ஸ்லாந்து; எலி தின்று தூங்கும்,
கூட்டம் கைதட்டினால் கூடைக்குள் போய்விடும்.

கூலி பாக்கிக்கு வழக்குப் போட்டாளாம்.
முதலாளி சொன்னான்:
நான் ஒப்பந்தம் செய்தது ஓர் இளவரசியோடு.
டிரெம்பாத் என்று யாரையும் எனக்குத் தெரியாது.
தவிர, இளவரசி கிறிஸ்தவள் அல்ல,
வேதத்தைத் தொட்டு அவள் செய்யும் சத்தியம் செல்லாது.
நீதிபதி அவளைப் பார்த்தார்.
கழுத்தில் சாறு இன்னும் போகவில்லை.
எழுந்து நின்றாள்,
மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளியில் படித்த
பத்துக் கட்டளைகளையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள்,
'களவு செய்யாதிருப்பாயாக' மட்டும் இரண்டு தரம்,
முதலாளி பக்கம் திரும்பி.

நாலு பவுண்டு பதினொரு ஷில்லிங்.
அடுத்த வாரமே கைன்டனில் வேறொரு கூடாரத்தில்
பர்மாவின் மகாராணி.

மேலாடையின் ஓரம் முழுக்க மந்திர எழுத்து.
"கிறுக்கல்" என்றார் ஹெஸ்டர்.
"அந்தக் காலத்து ஓவியர்கள்
எதையாவது வளைத்துச் சுழித்து விடுவார்கள்."
தலையைச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன்.
தலைகீழ்.
ரகரத்துக்குக் கால் இல்லை,
ஈயின் புள்ளிகள் இரண்டையும் காணோம்,
ஆனாலும் எழுத்து எழுத்துதானே.
மெல்பர்ன் அச்சகத்தில் எவனோ ஒருவன்
தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப்
பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான்:
டாது ஈரம் படக் கூடாது ஈரம் படக் கூ
என்று கழுத்திலிருந்து கணுக்கால் வரை.

"என்னவாம், குக்?" என்றார் நான்கர்விஸ்.
குகதாசன் அவர் வாயில் நிற்கவில்லை.
என் மஞ்சள் சட்டையின் முதுகிலும் அதுவே அச்சாகிவிட்டது;
நான் முன்பு சமையல்காரன் என்றே
தச்சர்கள் இரண்டு வருஷம் நம்பினார்கள்.

அரச குலத்து ஆசீர்வாதம், என்று சொல்லியிருக்கலாம்.
நாகத்தைக் கட்டும் மந்திரம், என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனி வரை வந்தது,
ஹெஸ்டரும் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.
உள்ளதைச் சொன்னேன்.
நான்கர்விஸ் சிரித்தார், ஹெஸ்டர் எழுதினார்.
நூறு வருஷத்துக்கு மேல் சுவருக்குள்
நனையாமல் நின்றவள் நெற்றியில்
சுண்ணாம்புப் பொடி.

வியாழக்கிழமை மெல்பர்னிலிருந்து
காகிதம் உரிக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள்.
ஒரு பெட்டி தூரிகை, ஒரு சுருள் பட்டுத்துணி,
மூன்று போத்தல் தண்ணீர்.
முதல் தெளிப்பு மேலாடையின் ஓரத்தில்.

வயரைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.
பிறகு உள்ளே போய்
மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று
இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.